ஒரு தோளை விசாரிக்கப் போன கதை

சென்ற மாதம் ஓர் இளம்பெண் கணினித் திரையில் வந்து என்னுடன் பேசினாள். நான் ஓய்வுபெற்ற அமெரிக்க பேஸ்போல் கழகத்தில் இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள். பந்து எத்தனை முறை சுழல்கிறது, முழங்கை எவ்வளவு மடிகிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்பதையெல்லாம் இப்போது கமெராக்களே சொல்லிவிடுகின்றனவாம். "இவை ஒன்றும் இல்லாமல் நீங்கள் எப்படி ஒரு வீரனை மதிப்பிட்டீர்கள்?" என்று கேட்டாள். "தேநீர் குடித்து" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பாததால் இதை எழுதுகிறேன்.

என் தொழில் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதில் நான் ஒருநாளும் வென்றதில்லை. ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லே விளையாடியவர்களுக்கு பேஸ்போல் பாதி தெரியும்: ஒருவன் எறிவான், ஒருவன் அடிப்பான், அடித்தவன் சுற்றி ஓடுவான். மீதிப் பாதி இதுதான். அமெரிக்காவின் பெரிய கழகம் ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னக் கழகங்கள் ஏணிப்படி மாதிரி இருக்கின்றன. உலகமெங்கும் பிடித்த பிள்ளைகளைக் கீழ்ப்படியில் விடுவார்கள். பெரும்பாலானோர் பாதியில் இறங்கிவிடுவார்கள். யார் ஏறுவான், யார் இறங்குவான் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எனக்கு வேலை.

"பொடியள் பந்தெறியிறதைப் பாக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று கவுன்சிலில் ஷிப்ட் வேலை செய்த என் மைத்துனர் ஒருமுறை கேட்டார்.

"ஓம் அத்தான்."

"எறியிறவனுக்கு?"

"அவனுக்கும் சம்பளம்தான்."

"அப்ப உங்கை ஆர்தான் வேலை செய்யிறது?" என்று கேட்டுவிட்டு அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து ஹொலண்டுக்கு ஓடிப்போனேன். அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தது. புல் வெட்டினேன், வெள்ளைக்கோடு போட்டேன், புள்ளிப் பலகையில் எண் மாற்றினேன். குளிரில் என் கை நடுங்காததைக் கண்டு, குறிபார்த்துப் பந்தின் வேகத்தை அளக்கும் துவக்கு மாதிரியான கருவியை ஒருநாள் கையில் தந்தார்கள். அப்படியே பத்தொன்பது வருடம் போயிற்று. பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக ஹொலண்டுத் தமிழரில் பாதிப்பேர் லண்டனுக்கு வந்தபோது நானும் குடும்பத்தோடு மனோர் பார்க்குக்கு வந்துசேர்ந்தேன். "நல்லது, இனி இங்கிலாந்தைப் பார்த்துக்கொள்" என்றது கழகம். இங்கிலாந்தில் பேஸ்போல் விளையாடுகிறவர்களைவிட அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் மேலதிகாரி ஹெங்க் ஒரு டச்சுக்காரர். ஆறடி நாலங்குலம். விளையாட்டு நடக்கும்போது வாயைத் திறக்கமாட்டார். வலைக்குப் பின்னால் மடக்குக் கதிரையைப் போட்டு, சீஸ் வைத்த பாணை அந்தந்த நேரத்துக்குச் சாப்பிட்டு, முதல் பத்துப் பந்துக்கும் பேனையைத் தொடாமல் இருப்பார். "முதல் பத்துப் பந்தும் அவன் நமக்குக் காட்ட விரும்புவது. அதை ஏன் எழுதவேண்டும்?" என்பார். கடைசிப் பந்து முடிந்து எல்லோரும் எழும்பிப் போகும்போது இவர் மட்டும் இருப்பார். வீரன் எப்படிக் குனிந்து பையை எடுக்கிறான், எப்படிக் கோட்டைப் போடுகிறான், கார் கதவை எந்தக் கையால் திறக்கிறான் என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் கதிரையை மடிப்பார்.

அறிக்கைப் படிவத்தில் ஒவ்வொரு திறமைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'இன்று', மற்றது 'நாளை'. மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஏன் இருபதில் தொடங்குகிறது என்று நான் கேட்டபோது, "பூச்சியம் போட்டால் தாய்மார் அழுவார்கள்" என்றார் ஹெங்க். அவர் சிரித்ததை நான் கண்டதில்லை என்பதால் அது பகிடியா என்று இன்றுவரை தெரியாது.

அவருடைய சொந்தச் சட்டம் ஒன்றும் இருந்தது. அறிக்கையில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் 'கண்டது' அல்லது 'கேட்டது' என்று குறிக்கவேண்டும். குறிக்காத வசனத்துக்குக் கீழே சிவப்பு மையில் "யார் சொன்னது?" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். என் முதல் அறிக்கை திரும்பி வந்தபோது அதில் கறுப்பைவிடச் சிவப்புத்தான் கூட.

2009 ஒக்டோபரில் ஹெங்க் தொலைபேசியில் கூப்பிட்டார். ஜெரோம் என்று ஒரு தமிழ்ப் பையன். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். ஹொலண்டில் பிறந்து, பதினாலு வயதில் தாயோடு லண்டன் வந்தவன். இடக்கை எறிவீரன். பேஸ்போலில் வேகமாக எறியும் இடக்கையனைக் கண்டால் கழகங்கள் கோயில் கட்டும். ஒரு கோடை விடுமுறையில் ஹொலண்டுக்குப் போய் விளையாடியபோது ஹெங்க்தான் பிடித்து அனுப்பினார். அமெரிக்காவில் கீழ்ப்படியில் இரண்டு பருவம் விளையாடிவிட்டு, இப்போது குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்திருக்கிறான். பருவக் கடைசியில் அவனுடைய வேகம் குறைந்துவிட்டது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். கழகம் தொடர்ந்து வைத்திருக்கப்போகும் வீரர்களின் பட்டியல் அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமை முடிவாகும்.

"உன் ஆட்கள்தானே. விசாரித்து எழுது. ஆனால் கழகத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. சொன்னால் எல்லோரும் நல்லதையே சொல்வார்கள்" என்றார் ஹெங்க்.

சரி என்றேன். இருபது வருடத்துக்கு மேலே தொழில் செய்தவன், அந்தச் 'சரி'யைச் சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்கவேண்டும்.

86ஆம் இலக்க பஸ்ஸில் குட்மேய்ஸ் போய், முதலில் ராசன் கடையில் இறங்கினேன். அந்தப் பகுதித் தமிழ் வீடுகளின் செய்தியெல்லாம் ராசனின் காசு மேசையைக் கடந்துதான் போகும். முருங்கைக்காயைப் பொறுக்கியபடி, "தம்பி, பிலோமினாவின்ரை மகன் ஜெரோம் எப்பிடி? குடிவகை ஏதும்?" என்று கேட்டேன்.

ராசனின் முகம் மலர்ந்தது. "தங்கமான பிள்ளை அண்ணை! பியர் போத்தில்லை இருக்கிற எழுத்தைக்கூட வாசிக்கமாட்டான்."

"படுக்கிறது எழும்பிறது?"

"ஒன்பது மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்குச் செபம்."

"தேகத்திலை ஏதும் வருத்தம்?"

"வருத்தமோ! ரெண்டு கையிலையும் ரெண்டு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போறவன்" என்று சொல்லி, முருங்கைக்காய்க்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டான். அதுகூட எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் போகும் சேர்ச்சில் பூசை முடிந்து தேநீர் தரும் இடத்தில் நின்றேன். தேநீர் ஊற்றிய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தானாகவே பக்கத்தில் வந்தார். "அவனை இடக்கையன் எண்டு ஆராவது சொல்லுவினம். நம்பாதேங்கோ. எல்லாம் வலக்கைதான்" என்று காதுக்குள் சொன்னார். கழகம் அவனை வாங்கியதே அந்த இடக்கைக்காக. ஒரு மனிதனுடைய ஒரே சொத்தை ஊரே சேர்ந்து ஒளிப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஏன் என்று மட்டும் உறைக்கவில்லை.

மூன்று பக்கம் அறிக்கை எழுதி அனுப்பினேன். அடுத்த நாளே ஹெங்க் கூப்பிட்டார். "நாற்பத்தொரு வசனம். நாற்பத்தொன்றும் 'கேட்டது'. இவன் வீரனா, புனிதரா?"

அன்று பின்னேரம் என் மனைவி கமலா மனோர் பார்க் முருகன் கோயிலால் வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்: "நீங்கள் ஆருக்கு மாப்பிள்ளை பாக்கிறியள்?"

"என்ன மாப்பிள்ளை?"

"குடிக்கிறவனோ, நித்திரை எப்பிடி, வருத்தம் துன்பம் இருக்கோ எண்டு குட்மேய்ஸ் முழுக்க விசாரிக்கிறியளாம். எங்களுக்கு இருக்கிறது ரெண்டும் பொடியள். பொம்பிளை எங்கை இருந்து வந்தது? அதுவும் வேதக்காரப் பகுதியிலை! பொம்பிளை சேர்ச்சுக்கு மாறச் சம்மதமாம் எண்டுங்கூடக் கதைக்கினம்."

நான் கதிரையில் தொப்பென்று இருந்தேன். ஹெங்க்கின் கேள்விகளும் எங்கள் பெண்வீட்டார் கேட்கும் கேள்விகளும் ஒன்றுதான். உயரம், தேகம், குணம், கூட்டாளிகள், தாய் தகப்பனின் உடல்வாகு. ஒரு கேள்விகூட வித்தியாசமில்லை. கழகம் என்று சொன்னால் பொய் சொல்வார்கள் என்று பயந்து ஒளித்தோம். ஒளித்ததால் கலியாணம் என்று நினைத்து அதைவிடப் பெரிய பொய்யாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ராசன். "அண்ணை, பிலோமினா அக்கா உங்களை ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணிக்கு வரட்டாம்."

உண்மையைச் சொல்வதற்கு அதுதான் சரியான நேரம். நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்த கதவு தானாகத் திறக்கும்போது எந்தத் தொழில்காரன்தான் வேண்டாம் என்பான்? கமலாவையும் கூப்பிட்டேன். "இல்லாத பொம்பிளைக்குப் பெரியம்மாவா நடிக்க என்னாலை ஏலாது" என்றுவிட்டாள்.

பிலோமினா பட்டுச்சேலை உடுத்திருந்தார். மேசையில் ரோல்ஸ், கட்லற், கேக். சுவரில் அந்தோனியார் படம். கணவர் இறந்து ஆறு வருடம் என்றும், பிள்ளை அமெரிக்காவில் "ஸ்போர்ட்ஸ் கொம்பனியில்" இருக்கிறான் என்றும் சொன்னார். ஜெரோம் கழுத்துப்பட்டி கட்டி, தண்டனை பெற்றவன் மாதிரிச் சோபாவின் நுனியில் இருந்தான். இருபது வயது. நீளமான கைகள், அகன்ற தோள். சுவர்ப் படத்தில் இருந்த தகப்பன் ஒல்லி, தாய் நல்ல எலும்பு. இன்னும் பத்துக் கிலோ போடுவான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"பொம்பிளைப்பிள்ளை எப்பிடி அண்ணை? கனக்கக் கதைக்குமோ?" என்று கேட்டார் பிலோமினா.

"சரியான அமைதி தங்கச்சி. வாயே திறக்காது" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"தம்பி, அல்பத்தை எடுத்துக் காட்டு" என்றார் மகனிடம். அல்பம் அலுமாரிக்கு மேலே இருந்தது. இடக்கையன் எழும்பிப் போய், குதிகாலை உயர்த்தி, வலக்கையை நீட்டித் தடவி எடுத்தான். இடக்கை பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சேர்ச்சில் அவன் முதல் நன்மை வாங்கிய படங்களைப் பார்த்து முடித்தோம். நான் வெளிக்கிட்டபோது, "அங்கிளை பஸ்ஸடி மட்டும் கொண்டுபோய் விடு" என்றார். ஜெரோம் கோட்டை எடுத்தான். இடக்கையை முதலில் மெதுவாக நுழைத்து, பிறகு வலக்கையால் முதுகுப் பக்கம் சுற்றி இழுத்தான். தோள் நோகிறவன் உலகமெங்கும் அப்படித்தான் கோட்டுப் போடுவான்.

ஹெங்க்கின் கடைசிப் பந்து எனக்குக் குட்மேய்ஸ் வீட்டு நடையில் கிடைத்தது. கெட்டிக்காரன் என்று என் முதுகை நானே தட்டியிருப்பேன், அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். கோட்டு ஏறி முடியும்வரை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தெருவில் இறங்கியதும் அவனே தொடங்கினான். "அங்கிள், சொறி. எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம். அந்த கேர்ள் பாவம். அம்மாட்டை நீங்கள்தான் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் டச்சு மொழியில், "எப்போதிலிருந்து தோள் நோகிறது?" என்று கேட்டேன்.

நின்றுவிட்டான். நான் யார் என்பதை அதே மொழியில் சொன்னேன். பிறகு தமிழும் ஆங்கிலமும் டச்சுமாகக் கொட்டினான். ஓகஸ்டில் ஒரு பந்து எறியும்போது உள்ளே ஏதோ கிழிந்தது. யாருக்கும் சொல்லாமல் இன்னும் மூன்று வாரம் எறிந்தான். வீட்டுக்கு வந்ததும் தாய் கண்டுபிடித்து, குட்மேய்ஸில் யாரும் காணக்கூடாதென்று லண்டனின் மற்றப் பக்கம் கிங்ஸ்பரி வரைக்கும் கொண்டுபோய் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவுவித்தார். அது சரிவராமல் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். கடிதமும் வந்துவிட்டது.

"சொன்னா என்னை வெளியிலை விட்டிடுவினம் அங்கிள். எனக்கு வேற ஒண்டும் தெரியாது."

"தம்பி, நீர் கையெழுத்து வைச்ச ஒப்பந்தத்தை வாசிச்சனீரோ?"

"நாப்பது பேஜ் அங்கிள்."

"அதிலை ஒரு பக்கத்திலை இருக்கு. அவையின்ரை சீருடையோடை விளையாடேக்கை காயம் வந்தா, சுகமாக்கி முடியும்வரைக்கும் அவைதான் பொறுப்பு. வெளியிலை விட ஏலாது. ஆனா நீர் ஒளிச்சா, வேகம் குறைஞ்சவன் எண்டு வெள்ளிக்கிழமை பேரை வெட்டுவினம். அதுக்குப் பிறகு அந்தத் தோள் உம்மடை சொந்தத் தோள்."

அவன் தெருவிளக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கடிதம் எங்கை?" என்று கேட்டேன். "அம்மாட்டை" என்றான்.

திரும்பிப் போனோம். கதவைத் திறந்த பிலோமினா எங்கள் இரண்டு பேரையும் கண்டு, சம்மதம் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பிள்ளைகளின் பெயருக்கு எதிரே இருபது போட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றது போல வெட்கம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

"தங்கச்சி, பொம்பிளை எண்டு ஒரு பிள்ளை இல்லை. நான் இவரின்ரை கழகத்திலை இருந்து வந்தனான்."

பிலோமினா மேசைக்குப் போய், எனக்கென்று சுற்றி வைத்திருந்த ரோல்ஸ் பொட்டலத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "நாலு நாளா வீடு கூட்டி, திரைச்சீலை தோய்ச்சு…" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

ஜெரோம்தான் ஒப்பந்த விஷயத்தைச் சொன்னான். பிலோமினா கேட்டு முடித்து, என்னைப் பார்த்தார். "கடிதத்தைக் காட்டினா பிள்ளையை வெளியிலை விடமாட்டினமோ?"

"காட்டாட்டித்தான் விடுவினம்."

அந்தோனியார் படத்துக்குப் பின்னால் கையை விட்டுக் கடிதத்தை எடுத்தார். "நீங்கள் கழகம் எண்டு முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே எடுத்துத் தந்திருப்பன். பொம்பிளை வீட்டுக்காரருக்குத்தானே இதை ஒளிச்சனான்."

இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

புதிய அறிக்கை ஒரே வசனம்: "இடது தோள் மூட்டின் உட்பகுதி கிழிந்திருக்கிறது. கண்டது, கடிதம் இணைப்பு." வியாழக்கிழமை ஹெங்க் கூப்பிட்டார். ஜெரோமும் அதே காலையில் தானே கழகத்துக்கு எழுதி, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் குறிப்பிட்டிருந்தான்.

"நாற்பது பக்கத்தில் சரியாக அந்தப் பக்கத்தை அவனுக்கு யார் சொன்னது?"

"அது 'கேட்டது' வகை ஹெங்க். அதனால் அறிக்கையில் சேர்க்கவில்லை" என்றேன்.

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் அவர் சொன்னார்.

அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு வருடம் கையைத் தூக்கப் பழகி, திரும்பவும் எறிந்து, ஒரு படி மேலே ஏறினான். அதற்கு மேல் தோள் விடவில்லை. அந்த அறிக்கையோடு போன படிவத்தில் 'நாளை'க் கட்டத்தில் நான் அவனுக்கு ஐம்பத்தைந்து போட்டிருந்தேன். என் கணிப்புப் பிழைத்துவிட்டது. அவன் லண்டனுக்குத் திரும்பி, காயம்பட்ட வீரர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கப் படித்து அந்த வேலைக்கே போனான். அந்தத் தொழிலுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

சில வருடம் கழித்து ஒரு பின்னேரம் பிலோமினா தொலைபேசியில் வந்தார். "அண்ணை, இந்த முறை உண்மையான பொம்பிளை. கிங்ஸ்பரிப் பகுதி. தகப்பன் உங்களிட்டை விசாரிப்பார். தோளைப் பற்றி மூச்சு விடாதேங்கோ. எனக்கு நீங்கள் ஒரு கலியாணம் கடன்."

அவர் தொலைபேசியை வைத்துப் பத்து நிமிடத்தில் பெண்ணின் தகப்பன் அதே தொலைபேசியில் வந்தார். குரல் களைத்திருந்தது. "உங்களுக்குப் பொடியனை நல்லாத் தெரியுமாம். குறை ஏதும் இருக்கோ?"

நான் கமலாவைப் பார்த்தேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"இடக்கையன். இடது தோளிலை கத்தி வைச்ச தழும்பு இருக்கு, குளிருக்கு நோகும். பொய் சொல்ல வராது, முகம் காட்டிக் குடுத்திடும்" என்றேன்.

"இது ஆரும் சொல்லிக் கேட்டதோ?"

"இல்லை. மூண்டும் நான் கண்டது."

அவர் நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "பத்துப் பேரிட்டை விசாரிச்சிட்டன் அண்ணை. பத்துப் பேரும் தங்கமான பிள்ளை எண்டுதான் சொன்னவை. அதாலை சரியாப் பயந்துபோய் இருந்தனான். இனி நாள் வைக்கலாம்."

கலியாண வீட்டில் பிலோமினா நேரே என்னிடம் வந்து, ஒரு ரோல்ஸ் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.